பத்து நாள் சீட்டும் அழியாத மையும்

மைசூருக்குச் செல்லும் நம்மவர் தவறாமல் காண்பவை மூன்று: அரண்மனை, சாமுண்டி மலை, கிருஷ்ணராஜ சாகர் அணையை ஒட்டிய பிருந்தாவனத் தோட்டம். பட்டும் சந்தனமும் மைசூர்பாகும் வாங்கிக்கொண்டு, மறுநாளே உதகைக்கோ பெங்களூருக்கோ வண்டியேறிவிடுவர். நாங்களும் முன்பு இருமுறை அவ்வாறே வந்து சென்றவர்கள்தாம். இம்முறை நான்கு நாள் தங்கி, ஊரை நடந்தே சுற்றினோம்.

நோய்க்காலம் தணிந்தபின் நம் குடும்பங்கள் பல மீண்டும் உல்லாசக் கப்பற் பயணங்களுக்குச் சீட்டு வாங்குகின்றன. ‘வழியில் நோய் வந்தால், துறைமுகம் கதவை அடைத்தால், என் செய்வது?’ என்று வினவுவோரும் பலர். இவ்வினாவுக்கு விடை தேடக் கடலே இல்லாத மைசூருக்குச் செல்வானேன் என்று அன்பர்கள் வியக்கலாம். காரணம் உண்டு. கப்பலில் வந்த நோய் உள்நாட்டு நகரம் ஒன்றை எவ்வாறு மாற்றும் என்பதை இவ்வூரைப் போலக் காட்டும் ஊர் தென்னாட்டில் அரிது.

சாமராஜபுரம், லட்சுமிபுரம், கிருஷ்ணமூர்த்திபுரம் ஆகிய பகுதிகளில் காலை வேளையில் நடந்து பாருங்கள். சாலைகள் அகன்று நேராகச் செல்கின்றன. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே காற்று உலவ இடமுண்டு. வீட்டு வரிசைகளின் பின்புறம், இரு வரிசைக்கும் பொதுவாக ஒரு குறுகிய சந்து ஓடுகிறது. கழிவை எடுத்துச் செல்வோர் தெருவுக்கு வராமல் பின்புறமாகவே வந்து போவதற்கென அமைத்த சந்து அது. ஊரின் ஆரோக்கியத்தைத் தம் தலைமேற் சுமந்து சென்ற அம்மக்களின் பெயரை எந்தக் கல்லிலும் நாங்கள் காணவில்லை; அரசர் பெயரும் திவான் பெயரும் நிரம்ப உள்ளன. இந்த ஒழுங்கையெல்லாம் அரசரின் அழகுணர்ச்சி என்று வழிகாட்டிகள் கூறுவர். அதுவும் உண்மையே, ஆயினும் முதற் காரணம் பிளேக் நோய்.

1894ஆம் ஆண்டு ஹாங்காங்கில் பரவிய அக்கொள்ளைநோய் 1896 செப்டம்பரில் பம்பாய்த் துறைமுகத்தில் தலைகாட்டியது. அங்கிருந்து ரயிலேறிப் புனே, ஹூப்ளி என்று இறங்கி, 1898 ஆகஸ்டில் பெங்களூரை அடைந்தது. அவ்வாண்டிலேயே மைசூருக்கும் வந்துவிட்டது. பெங்களூரையும் மைசூரையும் இணைத்த ரயில் பாதை 1882இல் முடிவுற்றது. நாட்டை இணைத்த அதே தண்டவாளமே நோய்க்கும் வழியாயிற்று. 1891ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் மைசூர் நகர மக்கள் 74,048 பேர். 1901இல் 68,111 பேர். பத்தாண்டில் பெருக வேண்டிய தலைநகரம் சுருங்கியது. மாண்டவர்கள் ஒருபுறம், அஞ்சி ஊரைவிட்டு ஓடியவர்கள் மறுபுறம்.

அக்காலத்தில் அரசர் நாலாவது கிருஷ்ணராஜ உடையார் சிறுவர். தந்தை சாமராஜ உடையார் 1894இல் கல்கத்தாவில் தொண்டையடைப்பான் நோயால் இறந்துவிட்டமையால், தாயார் வாணிவிலாச சன்னிதான மகாராணியார் ஆட்சிப் பொறுப்பேற்றிருந்தார். திவான் சேஷாத்ரி ஐயர். பிளேக் தடுப்பு வேலைகளுக்குத் தலைவராக அமர்த்தப்பட்டவர் கும்பகோணத்திற் பிறந்த வி. பி. மாதவராவ், பின்னாளில் திருவிதாங்கூருக்கும் மைசூருக்கும் திவானாகப் பணிபுரிந்தவர். நோய் கண்ட வீடுகளைக் காலி செய்வித்தனர். வெயில் உள்ளே விழ ஓடுகளைப் பிரித்தனர். ஊருக்கு வெளியே குடிசைகள் அமைத்து நோயாளரையும் உடனிருந்தோரையும் குடியமர்த்தினர். பெங்களூரில் இத்தகைய முகாமில் உழைத்த மருத்துவர் பல்பு அவர்களின் பெயர் கேரளத்தில் இன்றும் போற்றப்படுவது. ஹாஃப்கின் என்னும் அறிஞர் 1897இல் பம்பாயில் கண்டறிந்த பிளேக் தடுப்பூசியும் அதே ஆண்டுகளில் வழக்கத்துக்கு வந்தது.

நமக்கு இங்கே முக்கியமானது சீட்டு. நோய் பரவிய பகுதியிலிருந்து சென்னை மாகாணத்துக்குள் வருவோருக்கு ‘பிளேக் பாஸ்போர்ட்’ என்று ஒரு சீட்டைக் கொடுத்தனர். வந்தவர் பெயர், தங்கும் ஊர் முதலியன அதில் இருக்கும். சேர்ந்த ஊரில் பத்து நாள் அதிகாரிமுன் சென்று தம் உடல்நலத்தைக் காட்டிவர வேண்டும். 1897இல் வெனிஸ் நகரிற் கூடிய பன்னாட்டு மாநாடும் பிளேக் நோய்க்குப் பத்து நாளையே எல்லையாகக் கொண்டது. மைசூரில் சம்பந்தி வீட்டுக்குச் சென்று தஞ்சைக்குத் திரும்பும் ஒருவர், திருமணச் சாப்பாடு செரிக்கும்முன் ரயில் நிலையத்தில் மருத்துவர்முன் வரிசையில் நிற்கவேண்டும். அக்குளிலும் தொடையிடுக்கிலும் கட்டி உண்டா என்று தொட்டுப் பார்ப்பர். பெண்களைத் தொட்டுப் பார்த்தமையே நாடெங்கும் பெருங்கொதிப்பை மூட்டியது. 1898இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்த கஞ்சாமில் மக்கள் திரண்டு காவலரோடு மோதும் அளவுக்கு அது முற்றிற்று.

விதி தவறு என்று நாங்கள் கூறவில்லை. பத்து நாள் காத்திருத்தல் ஊரைக் காக்கும். ஆனால் காத்திருப்பவனுக்கு நிழலும் நீரும் மானமும் தராத விதியை மக்கள் நோயினும் கொடியதாகக் கருதினர். மைசூர் அரசு இதைக் காலந்தாழ்த்தியேனும் உணர்ந்தது போலும். 1903இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் போர்டு என்னும் அமைப்பை நிறுவி, நெருக்கமான பழந்தெருக்களிலிருந்து மக்களை அகன்ற புதுமனைகளுக்குக் கொண்டுசென்றது. நாங்கள் காலையில் நடந்த சாலைகளின் பிறப்பு அதுவே.

கடல் கடந்த நம் முன்னோருக்கு இத்தகைய காத்திருப்பு புதிதன்று. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றோர் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டனர். சிங்கப்பூர் சென்றோர் செயின்ட் ஜான் தீவிலும், பினாங்கு சென்றோர் ஜெரஜாக் தீவிலும் இறங்கினர். உடுத்த துணியை அவித்து வாங்கியதும், மருந்து நீரிற் குளித்ததும் நம் குடும்பங்களில் பாட்டிமார் வாய்க்கதையாக இன்றும் வழங்குகின்றன. டெக் பிரயாணிகளுக்கே பெரும்பாலும் அந்த வாசம். அறை எடுத்து வந்த சீமான்களுக்குச் சலுகை இருந்தது. நோய்க்கு இவ்வேறுபாடு தெரியாது என்பதை 2020இல் உல்லாசக் கப்பல்கள் உலகுக்குக் காட்டின.

அவ்வாண்டு பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாத் துறையில் ‘டயமண்ட் பிரின்சஸ்’ நிறுத்தப்பட்டதை அன்பர்கள் மறந்திரார். கப்பலில் இருந்தோர் 3,711 பேர். நோய் கண்டோர் 712 பேர். இந்தியர் 138 பேரில் பயணிகள் அறுவரே. ஏனைய 132 பேரும் சமையற்கட்டிலும் அறைகளிலும் உழைத்த பணியாளர். பயணிகள் அறைக்குள் அடங்கியிருக்க, அவர்களுக்கு உணவு சுமந்து கதவு கதவாகச் சென்றவர்கள் பணியாளரே. அதே மாதம் ‘வெஸ்டர்டாம்’ என்னும் கப்பல், ஐந்து இடங்களில் அனுமதி மறுக்கப்பட்டு அலைந்து, இறுதியில் கம்போடியாவிற் கரையணைந்தது. கர்நாடகத்தின் மங்களூர்த் துறைக்கு மார்ச் முதல் வாரத்தில் வந்த உல்லாசக் கப்பலும் அனுமதியின்றித் திரும்பியது. 2022 ஜனவரியில் மும்பையிலிருந்து கோவா சென்ற கப்பலில் 66 பேருக்கு நோய் கண்டு, கப்பல் மீண்டும் மும்பைக்கே வந்து சேர்ந்தது. சீட்டு வாங்கும்போது இத்துறை, அத்துறை என்று அச்சிட்டுத் தருகிறார்களே, அது கப்பற்காரரின் எண்ணமேயன்றித் துறைமுகத்தாரின் வாக்குறுதியன்று.

மைசூருக்குத் திரும்புவோம். மூன்றாம் நாள் பன்னிமண்டபம் பக்கம் சென்றோம். தசரா ஊர்வலம் அரண்மனையிலிருந்து புறப்பட்டு முடியும் இடம் அது. அப்பகுதியில்தான் மைசூர் பெயின்ட்ஸ் அண்டு வார்னிஷ் என்னும் அரசுத் தொழிற்சாலை இருக்கிறது. 1937இல் நாலாவது கிருஷ்ணராஜ உடையார் தொடங்கிவைத்த அரக்கு, வண்ணத் தொழிற்சாலையே பின்னர் இப்பெயர் பெற்றது. 1962ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் முதல், வாக்களிப்போர் விரலில் இடும் அழியாத மை இங்கிருந்தே செல்கிறது. அயல்நாடுகள் பலவும் வாங்குகின்றன. வெள்ளி நைட்ரேட் என்னும் உப்பு அதில் உண்டு. தோலிற் பட்டு ஒளி கண்டதும் கறுத்துவிடும். சோப்பும் சீயக்காயும் அதனிடம் தோற்கும்.

2020 மார்ச்சில் இந்த மைக்கு வேறொரு வேலை வந்தது. வெளிநாட்டிலிருந்து இறங்கியோரின் புறங்கையில், வீட்டுத் தனிமை முடியும் தேதியோடு முத்திரை குத்தத் தொடங்கின மாநிலங்கள். அதற்கு அழியாத மையைப் பயன்படுத்தத் தேர்தல் ஆணையமும் இசைவளித்தது. குடிமகனின் பெருமைக்கு அடையாளமாக இருந்த மை, ‘இவரை நெருங்காதே’ என்னும் அறிவிப்பாயிற்று. 1898இல் கையிற் கொடுத்த சீட்டு 2020இல் கைமேலேயே ஏறிவிட்டது. சீட்டையாவது மடித்து மடியில் வைத்துக்கொள்ளலாம். கையை எங்கே மறைப்பது?

அரண்மனை வாயிலில் டாங்கா வண்டிக்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தோம். நல்ல தமிழ் பேசினார். “அந்த வருஷம் எப்படிச் சமாளித்தீர்கள், பாய்?” என்று வினவினோம்.

“நாலு மாசம் வண்டியே கட்டல சார். நாங்க கஞ்சி குடிச்சுக்கிட்டோம். குதிரைக்குக் கொரோனா தெரியுமா? அதுக்குப் பசிதான் தெரியும்” என்றார்.

அவ்வாண்டு தசராவில் ஜம்பு சவாரி அரண்மனை வளாகத்துக்குள்ளேயே முடிந்தது. அபிமன்யு என்னும் யானை தங்க அம்பாரியை முதன்முதலாகச் சுமந்தது அப்போதுதான். காணத் தெருவில் கூட்டமில்லை. 2021இலும் அவ்வாறே.

நம் குடும்பங்களை வாட்டியது வேறு. 2020 மார்ச் 13 முதல் விசாக்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. ‘ஆயுள் முழுதும் வந்து போகலாம்’ என்று நம்மவர் பெட்டியிற் பத்திரப்படுத்தியிருந்த ஓ.சி.ஐ. அட்டையும் அன்றே செயலற்றது, அனைத்து ஓ.சி.ஐ. அட்டையினருக்கும் வழி திறக்க அக்டோபர் ஆயிற்று. வழக்கமான பன்னாட்டு விமானங்கள் நின்றது 2020 மார்ச்சில். மீண்டும் தொடங்கியது 2022 மார்ச் 27இல். இடையில் சிறப்பு விமானங்களும், மாலத்தீவிலிருந்தும் கொழும்பிலிருந்தும் நம்மவரை ஏற்றிவந்த கடற்படைக் கப்பல்களுமே கதி. கொழும்பிலிருந்து வந்த ‘ஜலாஷ்வா’ 2020 ஜூனில் தூத்துக்குடியில் அணைந்தது.

வந்திறங்கியோருக்கு 2020 மே மாத விதி: ஏழு நாள் தம் செலவில் விடுதியில், பின் ஏழு நாள் வீட்டில். குடும்பத்தில் மரணம், கடும்நோய், கருவுற்றிருத்தல், பத்து வயதுக்குட்பட்ட குழந்தையோடு வருதல் ஆகியவற்றுக்கு விடுதி வாசத்திலிருந்து விலக்கு இருந்தது. நல்ல விதிதான். ஆனால் ஆகஸ்டு முதல், விலக்கு வேண்டுவோர் விமானம் ஏறுவதற்கு 72 மணி நேரம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்றாயிற்று. மரணம் 72 மணி நேர முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டா வருகிறது? தந்தையின் சிதை எரிவதைக் கைபேசித் திரையிற் கண்டு, அயலூர் அறையில் தனியே தலை முழுகிய மக்கள் நம்மிடையே பலர். அவர்களிடம் ‘விதி ஊர் நன்மைக்கே’ என்று சொல்ல எங்களுக்கு நா எழுவதில்லை, அது மெய்யேயாயினும்.

பெங்களூர் வரை வந்துவிட்டால் போதும் என்றும் இல்லை. அவ்வாண்டு மே மாதத்தில் தமிழ்நாடு, கேரளம், மகாராஷ்டிரம், குஜராத் ஆகிய நான்கு மாநிலத்தாருக்குக் கர்நாடகம் கதவடைத்தது; பின் திறந்தபோது சேவா சிந்து என்னும் இணையதளத்திற் பதிவு கேட்டது; ஆகஸ்டு 24இல் பதிவும் தனிமையும் வேண்டா என்றது. தமிழ்நாட்டுக்குள்ளோ மாவட்டம் விட்டு மாவட்டம் செல்லவே இ-பாஸ். கூடலூருக்கும் மைசூருக்கும் இடையே கக்கநல்லாச் சாவடியில் நின்றவருக்கு, காலையில் படித்த விதி மாலையில் செல்லுமா என்பதே ஐயம்.

இவையெல்லாம் இப்போது இல்லை. வெளிநாட்டிலிருந்து வருவோர் நிரப்பிய ‘ஏர் சுவிதா’ படிவமும் 2022 நவம்பர் 22இல் நீக்கப்பட்டது. எனினும் ஒரு பழைய விதி நிற்கிறது. கப்பலேறுவோர் அதனை அறிந்திருத்தல் நலம். மஞ்சள் காய்ச்சல் உள்ள ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகளிலிருந்து, அல்லது அவற்றின் வழியாக வருவோர், தடுப்பூசிச் சான்று இல்லாவிடில் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கப்படுவர். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பின்னரே சான்று செல்லும். ஒருமுறை பெற்ற சான்று 2016 முதல் ஆயுள் முழுதும் செல்லும். தாம் புறப்பட்ட நாட்டை மட்டும் எண்ணிப் பயனில்லை. கப்பல் தொட்டுவந்த துறைகளும் கணக்கில் வரும். நைரோபியில் வாழும் நம்மவர் மொம்பாசாவிற் கப்பலேறினும் இவ்விதி அவர்களைத் தொடரும்.

எனவே பயண நாளை எண்ணும்போது, காத்திருக்க நேரும் நாளையும் சேர்த்தே எண்ணவேண்டும் என்பது எங்கள் கருத்து. பதினான்கு நாள் பயணம் எனில், மேலும் பதினான்கு நாளுக்கு இரத்த அழுத்தம், நீரிழிவு முதலியவற்றுக்கான மாத்திரை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் இருத்தல் வேண்டும். பெரிய பெட்டியில் வைத்தால் அது கப்பலின் அடித்தளத்தில் ஓரிடத்தும், நாம் மேல்தளத்தில் ஓரிடத்தும் இருப்போம். விடுதி வாடகைக்கென ஒரு தொகையை ஒதுக்கித் தொடாதிருத்தல் நன்று. பயணக் காப்புறுதி எடுக்கிறோம்; அது நோய்க்கு மட்டுமா, நோயின்றித் தடுத்து வைக்கப்படும் நாளுக்குமா என்று சிறிய எழுத்தைப் படித்துப் பார்ப்பவர் எத்தனை பேர்? கப்பல் இந்தியத் துறையை விட்டுக் கொழும்பு சென்று மீண்டும் இந்தியத் துறைக்கு வருமாயின், ஒருமுறை நுழைவுக்கான விசா போதாது. சான்றுகளைக் கைபேசியில் மட்டும் நம்பாமல் தாளிலும் வைத்துக்கொள்க. மின்கலம் தீர்ந்த கைபேசியைக் காட்டி எந்த அதிகாரியிடமும் வழக்காட இயலாது.

இன்னொன்று, செலவில்லாதது, ஆனால் எவரும் செய்வதில்லை. புறப்படுமுன் ஊரிலுள்ள பெற்றோரோடும் உடன்பிறந்தாரோடும் அமர்ந்து, ‘நாங்கள் வர இயலாது போனால் யார் என்ன செய்வது’ என்று பேசிவைத்தல். இது அமங்கலப் பேச்சு என்று பெரியவர்கள் தடுப்பர். 2020இல் இப்பேச்சைப் பேசியிராத வீடுகளில், மருத்துவமனைப் படிவத்திற் கையெழுத்திட யாருக்கு உரிமை, கொள்ளி வைப்பவர் யார் என்பதைக்கூடத் தொலைபேசியில் விடிய விடிய விவாதிக்க நேர்ந்தது.

கிருஷ்ணராஜ சாகர் சாலையில் இளவரசி கிருஷ்ணாஜம்மணி காசநோய் மருத்துவமனை உள்ளது. அரசரின் தங்கையாகிய அவ்விளவரசி காசநோய்க்கு இரையானவர். அவர் பெயரால் 1921இல் திறக்கப்பட்டது. 2020இல் கொரோனா நோயாளருக்கென ஒதுக்கப்பட்ட மாவட்ட மருத்துவமனையும் அச்சாலையிலேயே அமைந்தது. நோயாளரைத் தனியே வைப்பதற்கு ஊருக்கு வெளியே காற்றோட்டமான இடம் வேண்டும் என்று நூறாண்டுக்கு முன் ஒதுக்கிய நிலப்பகுதி, நெருக்கடியில் மீண்டும் கைகொடுத்தது. பிருந்தாவனத் தோட்டத்துக்கு விரையும் பேருந்துகள் அதைக் கடந்தே செல்கின்றன.

நான்காம் நாள் பெங்களூர் ரயிலேறினோம். சிறிது நேரத்தில் காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கப்பட்டணம் வருகிறது. அங்கே இறங்கிக் கஞ்சாமுக்குச் சென்றோம். திப்பு சுல்தானின் சமாதியைக் காணவும், நிமிஷாம்பாளைத் தொழவும் வந்தவர் கூட்டம் மிகுதி. 1898இல் கலகம் நடந்த இடம் எது என்று கடைக்காரர் சிலரிடம் வினவினோம். எவரும் கேள்விப்பட்டதில்லை. ஒரு முதியவர் மட்டும், பிளேக் காலத்தில் ஊரே வயலில் குடிசை போட்டுக்கொண்டதாகத் தம் பாட்டி சொல்வார் என்று கூறி, ஆற்றுப் பக்கமாகக் கையைக் காட்டினார். அங்கே இப்போது கரும்பு நிற்கிறது.